சிறிய மாதிரி ரயில் என்ஜினுக்குள் ஒலியும் மின்சேமிப்பும்: எதற்கு முதலில் இடம் ஒதுக்குவது?

2025 ஜூன் 8, மாலை. கீழக்கரை வாசகர் ஒருவரின் கேள்வி:

"என்னிடம் 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் 1:160 அளவு டீசல் என்ஜின் இருக்கிறது. அதில் டிஜிட்டல் ஒலி டிகோடர் பொருத்தினேன். கொஞ்ச தூரம் ஓடியதும் சத்தம் அறுந்துபோகிறது. பிறகு என்ஜினை முதன்முதலாகக் கிளப்பும் ஒலியிலிருந்து மறுபடியும் தொடங்குகிறது. இவ்வளவு சிறிய வண்டிக்கு ஒலியே தேவையில்லை என்று மதுரையில் இருக்கும் நண்பர் சொல்கிறார். அண்ணன்மார் என்ன நினைக்கிறீர்கள்?"

ஜூன் 8, இரவு

தம்பி, ஒலி வேண்டாம் என்ற முடிவுக்கு இப்போதே போக வேண்டியதில்லை. டிகோடரில் பழுது இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. டி.சி.சி. எனும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். வேகத்தைக் கூட்டுவது, குறைப்பது, விளக்கேற்றுவது, ஒலியெழுப்புவது எல்லாம் என்ஜினுக்குள் உட்கார்ந்திருக்கும் டிகோடரின் வேலை. அது ஒரு சிறிய கணினி. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் தொடர்பு ஒரு கணம் அறுந்தாலும் அது அணைந்து மீண்டும் உயிர் பெறுகிறது. ஒலியில்லாத டிகோடரிலும் இதே தான் நடக்கிறது. ஆனால் அது அடுத்த கட்டளையை உடனே பிடித்துக்கொண்டு ஓடிவிடுவதால், லேசான ஒரு குலுங்கலைத் தவிர நமக்கு எதுவும் தெரிவதில்லை. ஒலி டிகோடர் தொடக்க ஒலியிலிருந்து ஆரம்பிப்பதால் அதே தடங்கல் வெளியே தெரிந்துவிடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அளவு என்ஜினில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் இடம் இருக்கிறது என்றால், அந்த இடம், தொடர்பு அறும் கணத்தில் தான் தேக்கிவைத்த மின்சாரத்தைத் தரும் கெபாசிட்டருக்கே போக வேண்டும். அறுந்து அறுந்து வரும் ஒலியைக் கேட்பதைவிட, ஒலியில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் என்ஜினைப் பார்ப்பது எனக்கு நிறைவாக இருக்கிறது.

ஜூன் 9

நேற்றைய குறிப்பில் நம் கடலோர ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். மதுரை நண்பரின் அனுபவம் நமக்கு அப்படியே பொருந்தாது. அங்கே ஒரு மாதம் துடைக்காமல் விட்ட தண்டவாளத்தில் ஓடும் வண்டி, நம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு வாரத்திலேயே திணறத் தொடங்குகிறது. சன்னல் கம்பியிலும் மின்விசிறியின் இறக்கையிலும் பூக்கும் உப்பு தண்டவாளத்தின் மேலும் படிகிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அதன்மேல் தூசி ஒட்டுகிறது. சக்கரம் உருளும்போது ஏற்படும் நுண்ணிய தீப்பொறிகள் அந்தத் தூசியைக் கருப்புப் படலமாக மாற்றுகின்றன. வெள்ளைப் பருத்தித் துணியைத் தண்டவாளத்தின் மேல் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பென்சிலால் கோடு போட்டதுபோல இரண்டு கருப்புத் தடங்கள் துணியில் விழும்.

துடைக்கும் முறையில் ஒரு முக்கியமான சங்கதி உண்டு. உப்பு நீரில் கரையும். மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான்களில் கரையாது. வெளிநாட்டு நண்பர்கள் பரிந்துரைக்கும் கரைப்பானை மட்டும் நம்பித் துடைத்தால் கருப்பு போய்விடும்; உப்பு அங்கேயே தங்கிவிடும். அதனால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த துணியால் முதலில் துடைக்கிறேன். நன்றாக உலரவிட்ட பிறகே கரைப்பானைத் தொடுகிறேன். உப்புத்தாளால் தேய்ப்பதை அறவே விட்டுவிடுங்கள். அது போடும் கீறல்களில் அடுத்த அழுக்கு இன்னும் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும்.

ஜூன் 11

எவ்வளவு பெரிய கெபாசிட்டர் வேண்டும் என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறீர்கள். பொதுவில் பதில் சொன்னால் எல்லோருக்கும் பயன்படும். இதற்குக் கணக்கு எளிமையானது: கெபாசிட்டரின் அளவை, இறங்க அனுமதிக்கும் மின்னழுத்தத்தால் பெருக்கி, என்ஜின் இழுக்கும் மின்னோட்டத்தால் வகுத்தால் தாங்கும் நேரம் கிடைக்கும்.

ஒலியோடு ஓடும் இந்த அளவு என்ஜின் சுமார் 100 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்டவாளத்தில் 14 வோல்ட் இருக்கிறது. 7 வோல்ட்டுக்குக் கீழே போனால் டிகோடர் தடுமாறும் என்று கொள்வோம். 220 மைக்ரோஃபாரட் டான்டலம் கெபாசிட்டர் ஒன்று 15 மில்லி விநாடி தாங்கும். 1000 மைக்ரோஃபாரட் என்றால் 70 மில்லி விநாடி.

இந்த நேரம் தூரமாக எவ்வளவு வரும் என்பதையும் பார்க்க வேண்டும். உண்மையான ரயில் மணிக்கு 15 கிலோமீட்டரில் ஊர்ந்தால், 1:160 மாதிரி விநாடிக்கு 2.6 சென்டிமீட்டர் நகரும். அந்த வேகத்தில் 15 மில்லி விநாடிக்குள் வண்டி நகர்வது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. 70 மில்லி விநாடிக்குள் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தூசித் துகளையும் உப்புப் புள்ளியையும் தாண்ட அது போதும். வண்டியை வேறு தடத்துக்குத் திருப்பும் பாயிண்ட்டின் நடுவில், தண்டவாளங்கள் குறுக்கிடும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கிராசிங் துண்டைத் தாண்ட அது போதாது. அந்தத் துண்டு 15 மி.மீ. நீளம் என்றால் ஊர்ந்து கடக்க அரை விநாடிக்கு மேல் ஆகும். எல்லாச் சக்கரங்களும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழந்தால், அதைத் தாங்க 8000 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் வேண்டும். இரண்டு போகிகளிலிருந்தும் (சக்கரத் தொகுதிகளிலிருந்தும்) மின்சாரம் எடுக்கும் என்ஜினுக்கு அந்த நிலை அரிதாகத்தான் வரும். அச்சுகள் நெருக்கமாக அமைந்த, பெட்டிகளை இடம் மாற்றும் சிறு ஷன்டிங் என்ஜினுக்கு அடிக்கடி வரும்.

ஜூன் 11, சற்று நேரம் கழித்து

சேர்க்க மறந்த ஒன்று: தட்டையான டான்டலம் கெபாசிட்டரின் மேல் இருக்கும் பட்டைக்கோடு நேர்முனையைக் காட்டுகிறது. உருளை வடிவ எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரில் இருக்கும் பட்டைக்கோடு எதிர்முனையைக் காட்டுகிறது. இரண்டும் நேர்மாறானவை. மாற்றி இணைத்த டான்டலம் எரிந்துவிடும். கூட்டுக்குள் எரிந்தால் பிளாஸ்டிக்கும் உருகும். "227சி" என்று பொறித்திருந்தால் அது 220 மைக்ரோஃபாரட், 16 வோல்ட். 14 வோல்ட் தண்டவாளத்துக்கு அது விளிம்பில் நிற்கும் தேர்வு. இடம் இருந்தால் 25 வோல்ட் ரகத்தை வாங்குங்கள். இல்லையென்றால் தண்டவாள மின்னழுத்தத்தை 12 வோல்ட்டுக்கு இறக்குங்கள். இந்த அளவு வண்டிக்கு 12 வோல்ட் தாராளம்.

ஜூன் 14

தங்கச்சிமடத்து நண்பர் சூப்பர் கெபாசிட்டரைப் போட்டால் கவலை தீர்ந்தது என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2.7 வோல்ட், 1 ஃபாரட் கொண்ட ஆறு கெபாசிட்டர்களைத் தொடராக இணைத்தால் மொத்தம் ஆறில் ஒரு ஃபாரட். அதை 16.2 வோல்ட் வரை ஏற்றலாம். மேலே போட்ட அதே கணக்கில் அது பதினோரு விநாடிக்கு மேல் தாங்கும். ஐந்தே போதும் என்று சிலர் செய்கிறார்கள், ஐந்துக்கு 13.5 வோல்ட்தான் வரும், 14 வோல்ட் தண்டவாளத்தில் அது அளவுக்கு மிஞ்சிய சுமை. நம் ஊர் வெயிலில் மூடிய கூட்டுக்குள் ஏறும் சூடும் அதோடு சேர்ந்துகொள்ளும். இவ்வகைக் கெபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இடம் கிடைக்காதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. ஒரே ஒரு 1 ஃபாரட் கெபாசிட்டரை வைத்து, அதன் 2.7 வோல்ட்டை மேலே தூக்கித்தரும் சிறு மின்சுற்றோடு தயாராக வரும் பொதிகள் விற்கின்றன. அதில் தேங்கும் ஆற்றல் சுமார் 3.6 ஜூல். சுற்றில் இழப்பதைக் கழித்தாலும் ஒன்றரை விநாடிக்குக் குறையாமல் ஓட்டலாம். 1:160 அளவில் நான் விரும்புவது இதைத்தான்.

சாதாரணக் கெபாசிட்டரை நீங்களே இணைப்பதாக இருந்தால் 100 ஓம் மின்தடையும் ஒரு டையோடும் கட்டாயம் வேண்டும். கெபாசிட்டர் காலியாக இருக்கும்போது ஏறக்குறைய ஒரு குறுக்குச் சுற்றுப்போல நடந்துகொள்ளும். நான்கைந்து என்ஜின்கள் ஒரே தண்டவாளத்தில் நிற்கும்போது மின்சாரத்தைப் போட்டால், கட்டுப்பாட்டுப் பெட்டி எங்கோ ஷார்ட் ஆகிவிட்டது என்று எண்ணி அணைந்துவிடும். 100 ஓம் இருந்தால் ஏறும் மின்னோட்டம் 140 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். இறங்கும்போது மின்னோட்டம் மின்தடையைத் தவிர்த்து டையோடு வழியாக முழுமையாக வரும்.

ஜூன் 15

கீழக்கரைத் தம்பி, கெபாசிட்டரின் எதிர்முனையைக் கருப்புக் கம்பியில் பற்றவைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். டி.சி.சி. டிகோடரில் சிவப்பும் கருப்பும் இரு தண்டவாளங்களுக்குப் போகும் கம்பிகள். அவற்றில் முனை மாறிக்கொண்டே இருக்கும். நேர்முனை நீலக் கம்பி. எதிர்முனை என்பது டிகோடருக்குள், மாறும் முனையை ஒரே திசையாக்கும் நேர்மின்னாக்கிக்கு அடுத்து இருக்கும் புள்ளி. சில டிகோடர்களில் அதற்குத் தனிக் கம்பி வருகிறது. மற்றவற்றில் பலகையின் மேல் அரிசிக் குருணை அளவுள்ள ஒரு புள்ளியில் நாமே பற்றவைக்க வேண்டும். டிகோடரோடு வந்த கையேட்டின் படத்தில் அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்த பிறகே சால்டரிங் கோலைச் சூடேற்றுங்கள்.

உங்கள் என்ஜினின் அடிச்சட்டம் இரு உலோகப் பாதிகளால் ஆனது. ஒவ்வொரு பாதியும் ஒரு தண்டவாளத்தோடு நேரடியாக இணைந்திருக்கிறது. கெபாசிட்டரின் வெற்றுக் காலோ மோட்டாரின் முனையோ அந்தச் சட்டத்தைத் தொட்டால் டிகோடர் அந்த இடத்திலேயே போய்விடும். சூடு தாங்கும் மஞ்சள் கேப்டன் (Kapton) டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பற்றவைத்த இடத்தில் மிஞ்சும் ஃபிளக்ஸையும் (பற்றவைக்க உதவும் பசையையும்) ஆல்கஹாலால் கழுவிவிட வேண்டும். உப்பு ஈரத்தோடு அது சேர்ந்தால் செம்பு பச்சை பூத்துவிடும். சில மாதங்களில் கம்பி தானாகக் கழன்று வரும்.

ஜூன் 19

இனி ஒலி. நம் பக்கத்து மீட்டர் கேஜ் ரயில்களை நினைத்து ஒய்.டி.எம்.-4 டீசல் என்ஜின் செய்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஆல்கோ (அமெரிக்க என்ஜின் நிறுவனம்) ஒலிக்கோப்புகள் பலவும் 12 அல்லது 16 சிலிண்டர் என்ஜின்களுடையவை. அகல ரயில்பாதையின் டபிள்யூ.டி.எம்.-2 என்ஜினுக்கு 16 சிலிண்டர் சரி. ஒய்.டி.எம்.-4 என்ஜினில் இருப்பது ஒரே வரிசையில் நிற்கும் 6 சிலிண்டர் கொண்ட ஆல்கோ 251. அமெரிக்காவின் ஆல்கோ எஸ்-6 ஷன்டிங் என்ஜினிலும் 6 சிலிண்டர் 251-தான் இருந்தது. அந்த ஒலி நம் காதுக்கு மிக நெருக்கமாக வரும்.

வித்தியாசம் காதுக்கு ஏன் தெரிகிறது என்பதையும் கணக்கில் பார்க்கலாம். நிமிடத்துக்கு 400 சுழற்சியில் நிற்கும் நான்கு வீச்சு டீசலில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை வெடிக்கிறது. 6 சிலிண்டருக்கு விநாடிக்கு 20 வெடிப்புகள். 16 சிலிண்டருக்கு 53. முன்னதைத் தனித்தனித் தட்டல்களாக எண்ணிவிடலாம்போல இருக்கும். பின்னது ஒன்றாகக் கலந்த உறுமல். மானாமதுரைச் சந்திப்பில் நின்று முனகிய அந்தப் பழைய வண்டியின் தள்ளாட்டத்தை 16 சிலிண்டர் கோப்பு ஒருபோதும் தராது.

11×15 மி.மீ. ஸ்பீக்கரால் 20 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஊமை. ஆனாலும் நாம் அந்தத் தட்டலைக் கேட்கிறோம். அடி ஒலியின் மேல்மடங்குகள் வந்தால் போதும், விட்டுப்போன அடியைக் காது தானே நிரப்பிக்கொள்கிறது. ஆகவே ஒலியளவை முழுமையாக ஏற்றி ஸ்பீக்கரை அதிரவிடுவதில் பயனில்லை. அதன் பின்புறத்தை மூடிய சிறு பெட்டியில் காற்றுப் புகாமல் ஒட்டுவதுதான் முக்கியம். முன்னால் வரும் அலையும் பின்னால் வரும் அலையும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். பெட்டியின் விளிம்பில் நூல் நுழையும் அளவு இடுக்கு இருந்தாலும் குரல் தகரம்போல் ஒலிக்கும். ஒட்டுவதற்கு முன் ஸ்பீக்கரைப் பெட்டியோடு விரலால் அழுத்தியும் விட்டும் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு சோதனையே போதுமானது.

ஜூன் 20

நேற்று எழுதியதற்குப் பிறகு, முதல் நாள் நான் சொன்ன முன்னுரிமையை மறுபடி யோசித்தேன். கெபாசிட்டருக்கு முதல் இடம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் ஸ்பீக்கர் என்ஜினுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று ஏன் பிடிவாதம் பிடிக்க வேண்டும்? எப்போதும் ஒன்றாகவே ஓடும் இரட்டை என்ஜினில் ஒன்றில் மோட்டாரும் கெபாசிட்டரும், மற்றதில் மோட்டாரை எடுத்துவிட்டுப் பெரிய ஒலிப்பெட்டியும் வைக்கலாம். நீராவி என்ஜின் செய்பவர்களுக்கு, நிலக்கரியும் நீரும் சுமந்து என்ஜினுக்குப் பின்னால் வரும் டெண்டர் இருக்கிறது. மீட்டர் கேஜ் நீராவி என்ஜினான ஒய்.பி. மாதிரியில் டிகோடர், கெபாசிட்டர், ஸ்பீக்கர் மூன்றையும் டெண்டருக்குள் அடக்கி, நிலக்கரிக் குவியலுக்கு அடியில் துளையிட்டு ஒலியை வெளியே விட முடியும்.

ஒய்.பி.யில் இரண்டு சிலிண்டர். ஆகவே இயக்குசக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு புகைத் தட்டல்கள். 1372 மி.மீ. விட்டமுள்ள அந்தச் சக்கரம் மணிக்கு 15 கிலோமீட்டரில் ஏறக்குறைய விநாடிக்கு ஒரு சுற்றுச் சுற்றும். மாதிரியிலும் விநாடிக்கு நான்கு தட்டல் வருமாறு ஒலியின் இடைவெளியைச் சரிசெய்தால், கண்ணும் காதும் ஒத்துப்போகும்.

ஜூன் 24

பாம்பன் நண்பர் தம் மேசையில் பாலத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார். பாலத்தின்மேல் ரயில் போகும்போது வரும் முழக்கத்தை டிகோடரில் எப்படிச் சேர்ப்பது என்று கேட்கிறார். சேர்க்க வேண்டாம் என்பேன். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது நாம் கேட்ட முழக்கம் என்ஜினிலிருந்து வந்ததன்று. இரும்புக் கர்டர்களிலிருந்து எழுந்து, கீழே தண்ணீரில் பட்டுத் திரும்பியது. அது வண்டியின் முழு நீளத்துக்கும் கேட்டுக்கொண்டே இருக்கும். பலகைக்கு அடியில் ஒரு நல்ல ஸ்பீக்கரை வைத்து, வண்டி பாலத்தில் ஏறியதும் ஓர் உணரி அதை இயக்குமாறு செய்தால், என்ஜினுக்குள் இருக்கும் சிறு ஸ்பீக்கரால் முடியாத அடி ஒலியெல்லாம் அங்கே கிடைக்கும்.

ஜூன் 25

பாலத்தைப் பற்றி எழுதியபின் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நண்பர் செய்வது 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலம், அதன் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி செங்குத்தாக மேலே எழும். 1:160-இல் அது 45 சென்டிமீட்டர் நீளத் துண்டு. அது எழும்போது ரயில் கீழே விழாமலிருக்க, இருபுறமும் தண்டவாளத்தின் மின்சாரத்தைத் துண்டிப்பது வழக்கமான ஏற்பாடு. ஆனால் என்ஜினுக்குள் சூப்பர் கெபாசிட்டர் இருந்தால் மின்சாரத்தைத் துண்டித்தும் அது நிற்காது. பதினோரு விநாடி தாங்கும் பொதியோடு ஊர்ந்தால்கூட 28 சென்டிமீட்டர் போகும். நேராக இடைவெளிக்குள் விழும்.

இதற்கு வழி டிகோடருக்குள்ளேயே இருக்கிறது. ஈ.எஸ்.யூ. லோக்சவுண்ட் டிகோடரில் சி.வி.113 என்ற அமைப்பு, தண்டவாள மின்சாரம் போனபின் எவ்வளவு நேரம் கெபாசிட்டரில் ஓடலாம் என்பதை முடிவுசெய்கிறது. ஓர் அலகு 0.032768 விநாடி. 20 என்று வைத்தால் சுமார் 0.65 விநாடி, ஊரும் வேகத்தில் 1.7 சென்டிமீட்டர். பிளாஸ்டிக் கிராசிங்கைத் தாண்ட அது போதும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு நிகரான வேகத்தில் வந்தாலும் ஏழு சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். துண்டிக்கும் பகுதியை 20 சென்டிமீட்டர் வைத்தால் பயமில்லை. இந்த வசதி இல்லாத டிகோடரும் சூப்பர் கெபாசிட்டரும் சேர்ந்த என்ஜினை அந்தப் பாலத்தின் பக்கம் விடவே வேண்டாம் என்று நண்பரை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

சி.வி. அமைப்பை மாற்றும்போது, அதற்கென ஒதுக்கிய தனி நிரல் தண்டவாளத்தில் "பதில் இல்லை" என்று காட்டினால் பதற வேண்டாம். டிகோடர் 6 மில்லி விநாடி நேரத்துக்கு 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுத்துத்தான் பதில் சொல்லும்; ஏறிக்கொண்டிருக்கும் கெபாசிட்டர் அந்தத் துடிப்பை மறைத்துவிடுகிறது. ஓடும் தண்டவாளத்திலேயே, என்ஜின் எண்ணைக் கொடுத்து மாற்றுங்கள்.

ஜூலை 2

கீழக்கரைத் தம்பி 1000 மைக்ரோஃபாரட் பொருத்தி, தண்டவாளத்தை நீரிலும் கரைப்பானிலும் துடைத்து ஓட்டியிருக்கிறார். நேர்ப்பாதையில் ஒலி அறுவதே இல்லை. ஒரேயொரு பாயிண்ட்டில் மட்டும் இன்னும் அறுகிறது என்று எழுதியிருக்கிறார். படத்தைப் பார்த்தேன். அந்தப் பாயிண்ட்டின் கிராசிங் துண்டு உலோகத்தால் ஆனது. மின்சாரம் மட்டும் இணைக்கப்படவில்லை. அதற்காகக் கெபாசிட்டரைப் பெரிதாக்க வேண்டியதில்லை, தம்பி. அந்தத் துண்டின் அடியில் ஒரு கம்பியைப் பற்றவைத்து, பாயிண்ட்டைத் திருப்பும் மோட்டாரில் இருக்கும் சுவிட்ச்சின் நடுமுனைக்குக் கொண்டுபோங்கள். சுவிட்ச்சின் மற்ற இரு முனைகளையும் இரு தண்டவாளங்களோடு இணையுங்கள். பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்துக்கு உரிய மின்சாரம் துண்டுக்கு வந்துவிடும். சுவிட்ச்சின் தொடுமுனைகளுக்கும் உப்பு பிடிக்கும். மூடிய வகைச் சுவிட்ச்சாகப் பார்த்து வாங்குங்கள்.